பித்தளைத் தோட்டா உறையின் கழுத்து ஏன் பிளக்கிறது?

ரைஃபிள் தோட்டாவின் வெற்று உறையை மீண்டும் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும்போது அதன் வாய்ப்பகுதியில் நீளவாக்கில் விழும் கீறலையே கழுத்துப் பிளவு என்கிறோம். ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த அந்தப் பித்தளை, சுடும்போது விரிந்தும், மீண்டும் நிரப்புவதற்காகப் பழைய அளவுக்குக் கொண்டுவர அச்சில் அழுத்தும்போது சுருங்கியும் மெல்ல மெல்ல இறுகி நெகிழ்வை இழக்கிறது. ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்திய கம்பி முறிவதும் இப்படித்தான். கழுத்தை மட்டும் அளவாகச் சூடாக்கினால் நெகிழ்வு திரும்பும், ஆனால் அடிப்பகுதி சூடேறி இளகிவிட்டால் அந்த உறை பேராபத்து. பிளந்த உறையை நசுக்கி எறிந்துவிட வேண்டும்.

சுடாத தோட்டாவும் பிளவுபடும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் உறைகள் அப்படிப் பிளந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, உறையில் தங்கியிருந்த இறுக்கத்தோடு சேர்ந்ததே காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. ஆகவே, பளபளப்பைத் தருகிறது என்பதற்காக அம்மோனியா கலந்த மெருகுநீர் உறைக்கு நல்லது என்று எண்ணுவது தவறு.