சின்னப் பையன் பின்னாடி எப்படி நிக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க மஹல்லா (வட்டாரம்) பள்ளிவாசலுக்கு, தொழ வைக்க புது இமாம் வைக்கணும். ஒரு இளம் ஆலிம் (மார்க்க அறிஞர்) வந்திருக்காரு, குர்ஆன் முழுசும் மனப்பாடம் பண்ண ஹாஃபிழ், மார்க்கச் சட்டமும் நல்லா தெரியும். ஆனா சில பெரியவங்க "சின்னப் பையன், இன்னும் கல்யாணம்கூட ஆகல, இவர் பின்னாடி நாங்க எப்படி நிக்கிறது"ங்கறாங்க. என்ன பண்றது?

பதில்: உங்க பெரியவங்க முதல்ல எடுக்குற வயசை நபி (ஸல்) அவங்க கடைசியில வச்சிருக்காங்க. ஸஹீஹ் முஸ்லிம்ங்கற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புல, யாரை இமாமா நிறுத்தணும்னு வரிசையே இருக்கு. குர்ஆனை நல்லா ஓதத் தெரிஞ்சவர், அதுல சமம்னா சுன்னாவை (நபிவழியை) அதிகம் அறிஞ்சவர், அதுலயும் சமம்னா ஹிஜ்ரத்துல (மார்க்கத்துக்காக ஊர் விட்டுப் போனதுல) முந்தினவர், அதுக்கும் அப்புறம்தான் மூத்தவர். கல்யாணம் அந்த லிஸ்ட்லயே இல்ல!

புகாரிங்கற இன்னொரு ஹதீஸ் தொகுப்புல அம்ர் பின் சலிமான்னு ஒரு பையன் கதை வரும். அவங்க கூட்டம் தண்ணி இருக்குற ஒரு வழிப்பாதையில குடியிருந்துச்சு, போற வர்ற பயணிகள்கிட்ட கேட்டுக் கேட்டே பையன் குர்ஆனை மனப்பாடம் பண்ணிட்டான், மக்கா வெற்றிக்கு அப்புறம் கூட்டமே இஸ்லாத்துக்கு வந்து யாரை இமாமா நிறுத்தலாம்னு தேடினப்போ அவனைவிட அதிகம் தெரிஞ்சவங்க யாருமில்ல, அப்ப அவனுக்கு 6 இல்ல 7 வயசுதான். சஜ்தா (தரையில நெத்தி வைக்கிறது) போனா போர்வை மேல ஏறிடுமாம், ஒரு அம்மா "உங்க காரியோட (குர்ஆன் ஓதுறவரோட) பின்பக்கத்தை மறைக்க மாட்டீங்களா"ன்னு கேட்க, துணி வாங்கி சட்டை தச்சுக் கொடுத்தாங்க, அந்தச் சட்டை அளவுக்கு எதுக்கும் நான் சந்தோஷப்பட்டதில்லன்னு பின்னாடி அவரே சொல்றாரு. (பருவமடையாத பையன் பெரியவங்களுக்கு தொழ வைக்கிறதை ஷாஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு) ஏத்துக்குது, ஹனஃபி மத்ஹப் ஏத்துக்காது. உங்க ஆளுக்கு அந்தப் பிரச்சினையே இல்ல.) அந்தஸ்தும் அப்படித்தான். நபி (ஸல்) மதீனா வர்றதுக்கு முன்னாடி மதீனா பக்கத்து குபாவுல, மக்காவுல இருந்து ஹிஜ்ரத் வந்த முஹாஜிர்களுக்கு தொழ வச்சது ஸாலிம், அடிமையா இருந்து விடுதலையானவர். பின்னாடி நின்னவங்கள்ல, பிற்காலத்துல கலீஃபா (நபிக்கு அப்புறம் வந்த ஆட்சித் தலைவர்) ஆன உமர் (ரலி) இருந்தாங்க.

ஆனா ஓதத் தெரிஞ்சா மட்டும் போதுமான்னா, போதாது. நபித்தோழர் முஆத் (ரலி) பெரிய அறிஞர், ஒரு நாள் இஷாவுல (இரவுத் தொழுகையில) குர்ஆன்லயே நீளமான பகரா சூராவை (அத்தியாயத்தை) ஆரம்பிச்சுட்டாங்க, பகலெல்லாம் ஒட்டகத்தை வச்சு தண்ணி இறைச்ச ஒரு விவசாயி தாங்க முடியாம விலகித் தனியா தொழுதுட்டுப் போயிட்டாரு. விஷயம் நபி (ஸல்) அவங்ககிட்ட போனப்போ திட்டு விழுந்தது விவசாயிக்கு இல்ல. "முஆதே, நீ குழப்பவாதியா?"ன்னு கேட்டு, சின்ன சூராக்களை ஓதச் சொன்னாங்க. குழந்தை அழுற சத்தம் கேட்டா, தாய்க்கு கஷ்டமேன்னு நபியே தொழுகையைச் சுருக்கிக்குவாங்க. அதனால பேட்டி எடுக்கும்போது கிராஅத் (குர்ஆன் ஓதுறது) மட்டும் கேட்காதீங்க, வயசானவங்க, வேலைக்கு ஓடுறவங்ககிட்ட எப்படி நடந்துக்குறாருன்னும் பாருங்க.

கேள்வி: இமாம் தப்பு பண்ணா பின்னாடி இருக்குறவங்க சொல்லலாமா?

பதில்: தொழுகைக்குள்ளேயே சொல்லலாம், ஆம்பளைங்க சுப்ஹானல்லாஹ் சொல்லணும், பொம்பளைங்க கைதட்டணும். வெளியவும் அதே கதைதான். 632ல அபூபக்கர் (ரலி) கலீஃபா ஆனதும் பேசின முதல் பேச்சுல, நான் உங்கள்ல சிறந்தவன் இல்ல, நல்லது செஞ்சா உதவுங்க, தப்பு செஞ்சா திருத்துங்கன்னாங்க.

கேள்வி: ஜமாஅத் (பள்ளிவாசல் நிர்வாகம்) தலைவர் பதவிக்கு நோட்டீஸ் அடிச்சு ஓட்டு கேட்குறாங்களே, பதவியைத் தேடிப் போகலாமா?

பதில்: நபித்தோழர் அபூமூஸா (ரலி) கூட வந்த ரெண்டு பேர் பொறுப்பு கேட்டப்போ, கேட்குறவங்களுக்கும் ஆசைப்படுறவங்களுக்கும் நாங்க கொடுக்குறதில்லன்னு நபி (ஸல்) சொல்லிட்டாங்க. ஆனா உஸ்மான் பின் அபில் ஆஸ்ங்கற நபித்தோழர் "என் மக்களுக்கு என்னை இமாமா ஆக்குங்க"ன்னு தானா கேட்டப்போ கொடுத்தாங்க, கூடவே "அவங்கள்ல ரொம்ப பலவீனமானவரை அனுசரிச்சு நட"ன்னு கண்டிஷனும் போட்டாங்க. கேட்டதாலேயே ஒருத்தர் தகுதி இழந்துட மாட்டாரு. நோட்டீஸ்ல அவர் போட்டோ எவ்வளவு பெருசு, செய்யப்போற வேலை எத்தனை வரின்னு ஒரு தடவை பாத்துக்குங்க, ஓட்டை அப்புறம் போடுங்க.