வரி இல்ல, வரிசை இருக்கு

போன இதழ்ல பிரெக்ஸிட் (பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்த விட்டு வெளிய வந்தது) பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு இவ்ளோ கேள்வி வந்து குவியும்னு நினைக்கல, அதனால இந்த வாரம் முழுக்க அதுக்கே. சினிமா கேள்வி அனுப்பினவங்க அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்த விட்டு வெளிய வந்தாலும் ரெண்டு பக்கமும் சுங்க வரி ஜீரோன்னு ஒப்பந்தம் இருக்காமே. வரியே இல்லன்னா டோவர் துறைமுகத்துல லாரிங்க ஏன் நிக்குது? – கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: ஒப்பந்தம் இருக்கறது நிஜம்தாம்மா. 2020 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு மொத நாள் பேசி முடிச்சு, ஒரே வாரத்துல 2021 ஜனவரி 1-லேர்ந்து நடைமுறைக்கு வந்துடுச்சு. வரி கிடையாது, இவ்ளோதான் அனுப்பலாம்னு அளவும் கிடையாது. ஆனா வரி வேற, செக்கிங் வேற. நம்ம வாளையார் செக்போஸ்ட்ட எடுத்துக்கங்க, ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னாடி கோயம்புத்தூர்லேர்ந்து கேரளா போற லாரி அங்க ராத்திரி பூரா நின்னுச்சே, அது வரி கட்டறதுக்கு மட்டுமா, பில்லு சரியா இருக்கா, பில்லுல இருக்கறதுதான் வண்டியில இருக்கான்னு பாக்கறதுக்கும்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள அந்த செக்போஸ்ட் 1993-லயே போயாச்சு, ஏன்னா எல்லா நாட்டுக்கும் ஒரே தர விதி, அதுக்கு பேர் ஒரே சந்தை; வெளியிலேர்ந்து வர்ற சரக்குக்கு ஒரே வரி, அதுக்கு பேர் சுங்க ஒன்றியம். பிரிட்டன் அதுலேர்ந்து வெளிய வந்ததும் அவங்க கணக்குல வெளி நாடு ஆகிடுச்சு, அவ்ளோதான், வரி ஜீரோவா இருந்தாலும் சுங்க டிக்ளரேஷன் வேணும், கறி, பால், சீஸ்னா அரசு அங்கீகரிச்ச வெட்னரி டாக்டர் கையெழுத்து போட்ட சர்டிஃபிகேட் வேணும். ஒரே லாரியில பத்து கம்பெனி சரக்கு ஏத்தியிருந்தா ஒருத்தரோட பேப்பர்ல தப்பு இருந்தாலும் மத்த ஒன்பது பேர் சரக்கும் சேர்ந்து நிக்கும். சின்ன கம்பெனிங்க நிறைய பேருக்கு ஐரோப்பா ஆர்டரே வேணாம்னு ஆனது இதாலதான்.

2021 ஜனவரியில நெதர்லாந்து டிவியில ஒரு காட்சி வந்துச்சு, அதுக்கு மேல யாரும் இத விளக்க முடியாது. ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்துல பிரிட்டன்லேர்ந்து வந்து இறங்கின ஒரு டிரைவர், கையில அலுமினியம் ஃபாயில்ல சுத்தின சாண்ட்விச், உள்ள பன்னிக்கறி. வெளி நாட்டுலேர்ந்து கறி, பால் பொருள் எதையும் கையில கொண்டு வரக்கூடாதுன்னு சுங்க ஆபீசர் புடுங்கறாரு. இவரு பாவமா, கறிய எடுத்துக்கிட்டு ரொட்டியயாவது குடுங்களேன்னு கேக்கறாரு. ம்ஹூம், ரொட்டியும் சேர்ந்தே போச்சு.

அந்த ஜீரோ வரிக்கும் ஒரு கண்டிஷன் உண்டு, சரக்கு நெஜமாவே பிரிட்டன்லயோ ஐரோப்பிய ஒன்றியத்துலயோ தயாரானதா இருக்கணும். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையில பெர்சி பிக்னு பன்னிக்குட்டி மூஞ்சி மிட்டாய் ஒண்ணு இருக்கு, குழந்தைங்களுக்கு உசுரு. அது ஜெர்மனியில தயாராகி இங்கிலாந்துக்கு வருது, வரி இல்ல. அதே பாக்கெட்ட இங்கிலாந்து கிடங்குலேர்ந்து எடுத்து அயர்லாந்து கடைக்கு அனுப்பினா வரி போடணும்! ஐரோப்பாவுல செஞ்சது ஐரோப்பாவுக்கே திரும்பிப் போகுது, ஆனா நடுவுல பிரிட்டன்ல எந்த வேலையும் செய்யாம சும்மா தங்கிட்டு போனதால சலுகை போயிடுது. கம்பெனித் தலைவரே இத வெளிப்படையா சொன்னாரு.

கேள்வி: நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்துல இல்ல, அவங்க பார்டர்ல ஒரு பிரச்சினையும் இல்லையே? – வங்கி ஊழியர், மதுரை

பதில்: யார் சார் சொன்னா? நார்வே ஒரே சந்தைக்குள்ள இருக்கு, சுங்க ஒன்றியத்துல இல்ல. அதனால ஸ்வீடன் எல்லையில ஸ்வினெசுண்டுல பெரிய சுங்கச் சாவடியே இருக்கு, லாரி அங்க நின்னு பேப்பர் காட்டிட்டுதான் போகணும். துருக்கி இதுக்கு நேர் எதிர், சுங்க ஒன்றியத்துல இருக்கு, ஒரே சந்தையில இல்ல, பல்கேரியா எல்லையில கபிகுலேல நிக்கற லாரி வரிசை ஊருக்கே தெரியும். ரெண்டுலயும் இருந்தாதான் செக்போஸ்ட் இருக்காது. பிரிட்டன் ரெண்டையும் விட்டுடுச்சு.

கேள்வி: பிரெக்ஸிட்னாலே அயர்லாந்து பார்டர், அயர்லாந்து பார்டர்னு ஏன் இவ்ளோ வருஷமா பேசறாங்க? அவ்ளோ சின்ன ஊருக்கு இவ்ளோ அக்கப்போரா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, மொத்த சிக்கலோட முடிச்சே அங்கதான் இருக்கு, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

அயர்லாந்து ஒரே தீவு. அதுல பெரும்பகுதி அயர்லாந்து குடியரசு, தனி நாடு, ஐரோப்பிய ஒன்றியத்துல இருக்கு. வடகிழக்கு மூலையில ஆறு மாவட்டம் பிரிட்டனோடது, அதுதான் வட அயர்லாந்து. நடுவுல கிட்டத்தட்ட 500 கி.மீ. எல்லை, 200-க்கும் மேல ரோடு அத குறுக்க வெட்டிட்டு போகுது. பெட்டிகோன்னு ஒரு ஊரு இருக்கு, ஊருக்கு நடுவுல டெர்மன்னு சின்ன ஆறு, பாலத்துக்கு ஒரு பக்கம் டோனிகல் மாவட்டம், யூரோ, கிலோமீட்டர் போர்டு, பாலத்த தாண்டினா ஃபெர்மனா மாவட்டம், பவுண்ட், மைல் கணக்கு. போர்டு மாறறத தவிர நாடு மாறினதுக்கு வேற அடையாளமே இல்ல, காவலுக்கு ஒரு ஆள் கிடையாது.

இது எப்பவும் இப்படி இருந்ததில்ல. பிரிட்டனோடவே இருக்கணும்னவங்களுக்கும் அயர்லாந்தோட சேரணும்னவங்களுக்கும் நடுவுல அறுபதுகளோட கடைசியிலேர்ந்து முப்பது வருஷம் அங்க நடந்த சண்டையில சுமார் 3,500 பேர் செத்தாங்க, எல்லையில ராணுவ காவல் கோபுரம், குண்டு வெச்சு தகர்க்கப்பட்ட சுங்கச் சாவடி, சிமெண்ட் கட்டைய போட்டு மூடின ரோடு. சுங்கச் சாவடி 1993-லயே போனாலும், மத்ததெல்லாம் அந்த சண்டைய முடிச்ச 1998 ஏப்ரல் 10 புனித வெள்ளி ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் முழுசா போச்சு. மறுபடியும் ஒரு சுங்கச் சாவடி கட்டினா அத தாக்க யாராவது வருவாங்க, அத காப்பாத்த போலீஸ் வரும், போலீஸ காப்பாத்த ராணுவம் வரும்னு எல்லாரும் பயந்ததுல தப்பே இல்ல. பிழைப்பும் அந்த எல்லைய பாக்காமதான் வளர்ந்திருக்கு. வடக்குல கறக்கற பால்ல மூணுல ஒரு பங்கு தெற்க இருக்கற பால் ஆலைக்கு போகுது, டப்ளின்ல காய்ச்சற கின்னஸ் பீரு டேங்கர்ல பெல்ஃபாஸ்ட் போய் பாட்டில்லயும் கேன்லயும் அடைச்சு திரும்ப தெற்க வருது.

இப்ப பிரிட்டன் அரசு மூணு வாக்கு குடுத்துச்சு. ஒண்ணு, ஒரே சந்தையயும் சுங்க ஒன்றியத்தயும் விட்டு வெளிய வருவோம். ரெண்டு, அயர்லாந்து தீவுல எல்லை வராது. மூணு, வட அயர்லாந்துக்கும் பிரிட்டனோட மத்த பகுதிக்கும் நடுவுலயும் எல்லை வராது. இதுல எந்த ரெண்ட வேணா காப்பாத்தலாம், மூணையும் சேர்த்து முடியவே முடியாது, ஏன்னா ரெண்டு சட்டம் இருந்தா எங்கயாவது ஒரு இடத்துல செக் பண்ணித்தான் ஆகணும். அப்போ பிரதமரா இருந்த தெரசா மே, வேற வழி கிடைக்கற வரைக்கும் மொத்த நாடும் சுங்க விஷயத்துல ஐரோப்பாவோட ஒட்டியே இருக்கும்னு எழுதிட்டு வந்தாங்க, 2019 ஜனவரியில நாடாளுமன்றம் 230 ஓட்டு வித்தியாசத்துல தூக்கி எறிஞ்சுடுச்சு. அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் மூணாவது வாக்க கைய விட்டாரு. எல்லை கடல்ல விழுந்துச்சு. சரக்கு விஷயத்துல வட அயர்லாந்து ஐரோப்பிய விதிய பின்பத்தும், இங்கிலாந்து, ஸ்காட்லாந்துலேர்ந்து கப்பல்ல வர்ற சரக்க லார்ன், பெல்ஃபாஸ்ட் துறைமுகத்துல செக் பண்ணணும். அப்படி கையெழுத்து போட்டுட்டு வந்து, கடல்ல எல்லையெல்லாம் ஒண்ணும் இல்லன்னு மேடைக்கு மேடை சொன்னாரு பாருங்க, அந்த தைரியம் நம்மூர் ஆளுங்களுக்கே வராது.

நடந்தது என்ன? ஸ்காட்லாந்து நர்சரியிலேர்ந்து செடி வராது, ஏன்னா வேர்ல ஒட்டியிருக்கற மண்ணு வெளிநாட்டு மண்ணு. விதை உருளைக்கிழங்கு நின்னுச்சு. இங்கிலாந்து சாசேஜ் வரலாமா கூடாதான்னு 2021-ல ஒரு சண்டை, பேப்பர்காரங்க அதுக்கு சாசேஜ் போர்னே பேர் வெச்சாங்க. கேக்க சிரிப்பா இருக்கும், ஆனா நாங்க பிரிட்டிஷ்காரங்கன்னு சொல்லிக்கிட்டு வாழற யூனியனிஸ்ட் மக்களுக்கு, தன் நாட்டுக்குள்ளயே அனுப்பற சாமானுக்கு சுங்கப் பேப்பர் கேட்டது தாங்க முடியல. அவங்க கட்சி டியூபி 2022 பிப்ரவரியில ஆட்சிய விட்டு வெளிய வர, வட அயர்லாந்துல ரெண்டு வருஷம் அரசாங்கமே ஓடல.

2023 பிப்ரவரி 27-ல அப்போ பிரிட்டன் பிரதமரா இருந்த ரிஷி சுனக்கும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லயனும் விண்ட்சர் ஃப்ரேம்வொர்க்னு ஒரு உடன்பாடு போட்டாங்க. வட அயர்லாந்துலயே விக்கற சரக்குக்கு பச்சை லேன், பேப்பர் கம்மி, தெற்க போக வாய்ப்பிருக்கற சரக்குக்கு சிவப்பு லேன், முழு செக்கிங். பச்சை லேன்ல போற கறி, பால் பாக்கெட் மேல 'நாட் ஃபார் ஈயூ' (ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இல்ல)ன்னு லேபிள் ஒட்டணும். செடி, விதை உருளைக்கிழங்குக்கும் வழி விட்டாங்க. மறுநாளே சுனக் வட அயர்லாந்துல இருக்கற லிஸ்பர்ன் போய், ரெண்டு சந்தையிலயும் வியாபாரம் பண்ற ஸ்பெஷல் அந்தஸ்து உலகத்துலயே உங்களுக்குத்தான்னு பெருமையா பேசினாரு. அந்த அந்தஸ்து முந்தி மொத்த பிரிட்டனுக்கும் இருந்துச்சே சார்னு உடனே கேட்டுட்டாங்க, கேக்காம என்ன பண்ணுவாங்க.

2024 பிப்ரவரியில அரசாங்கம் திரும்ப ஓட ஆரம்பிச்சு, மிஷேல் ஓ'நீல் முதல் அமைச்சர் ஆனாங்க. அந்த வருஷம் டிசம்பர்ல இந்த ஏற்பாடு தொடரணுமான்னு வட அயர்லாந்து சட்டசபையில ஓட்டு, 48-க்கு 36-ல தொடரட்டும்னு ஜெயிச்சுது, ஆனா யூனியனிஸ்ட் ஒருத்தர்கூட ஆதரிக்கல. ரெண்டு தரப்பும் ஒத்துக்கலங்கறதால நாலு வருஷத்துலயே மறுபடியும் ஓட்டு வரும்.

கேள்வி: என் அண்ணன் பையன் டப்ளின்ல படிக்கறான். பார்டர்ல செக்கிங்கே இல்லையே, பஸ் ஏறி பெல்ஃபாஸ்ட் பாத்துட்டு வரட்டுமா? – குடும்பத்தலைவி, சேலம்

பதில்: வேணாம்மா! செக்போஸ்ட் இல்லங்கறதால விசா வேணாம்னு அர்த்தமில்ல. தடையில்லாம போய் வர்ற உரிமை பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்கு மட்டும்தான், இந்திய பாஸ்போர்ட் வெச்சுக்கிட்டு அயர்லாந்துல தங்கிப் படிக்கறவர் பிரிட்டன் விசா எடுத்துட்டுதான் போகணும். வழியில திடீர்னு பஸ்ஸ நிறுத்தி பாக்கறதும் உண்டு. மாட்டினா அடுத்த விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அது வந்து நிக்கும்.

கேள்வி: மீனவங்களுக்கு கடல் திரும்ப கிடைச்சுதுன்னு சொன்னாங்களே, நல்லா இருக்காங்களா? – நாகப்பட்டினம் வாசகர்

பதில்: கொஞ்சம்தான் கிடைச்சுது. பிரிட்டன் கடல்ல ஐரோப்பிய படகுங்க புடிச்சுட்டிருந்த பங்குல 25 சதவீதம், அதுவும் அஞ்சரை வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா. புடிச்சா மட்டும் போதுமா, விக்கணுமே, பிரிட்டன் மீன் முக்கியமா போறதே பிரான்ஸ், ஸ்பெயினுக்குத்தான். சுத்தம் பண்ணாத உயிர் சிப்பி, மட்டியெல்லாம் வெளி நாட்டுலேர்ந்து வரக்கூடாதுங்கற பழைய விதி இப்ப பிரிட்டன் மேலயே பாஞ்சுது. 2021 ஜனவரியில கடல் உணவு லாரிங்கள பிரதமர் ஆபீஸ் பக்கத்துலயே கொண்டு வந்து நிறுத்தி போராடினாங்க. 2025 மே மாசம் ஐரோப்பிய படகுங்களுக்கான அனுமதிய 2038 வரைக்கும் நீட்டிச்சாச்சு.

கேள்வி: எங்களுக்கு இதுல என்ன லாபம்? – பனியன் கம்பெனி வாசகர், திருப்பூர்

பதில்: உங்களுக்கு இருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துல இருந்தவரைக்கும் பிரிட்டன் தனியா யாரோடயும் வணிக ஒப்பந்தம் போட முடியாது. வெளிய வந்ததாலதான் 2022 ஜனவரியில இந்தியாவோட பேச ஆரம்பிச்சு 2025 ஜூலை 24-ல கையெழுத்து ஆச்சு. பங்களாதேஷ் துணி அங்க வரியில்லாம போய்ட்டிருக்க, நம்ம துணிக்கு 12 சதவீதம் வரைக்கும் வரி, இந்த ஒப்பந்தத்துல அது ஜீரோ. ஆனா பெர்சி பிக் கதைய மறந்துடாதீங்க, லண்டன் பையர் உங்க டி-ஷர்ட்ட அப்படியே டப்ளின் கடைக்கு திருப்பி விட்டா ஐரோப்பா வரி தனியா விழும். ஐரோப்பா சரக்க லண்டன் வழியா அனுப்பாம நேரா ராட்டர்டாமோ ஆன்ட்வெர்ப்போ அனுப்பற மாதிரி ஆர்டர்லயே பேசிக்கங்க.

கேள்வி: பிரிட்டன் உள்ள வர்ற சரக்க அவங்க செக் பண்றாங்களா? – சென்னை வாசகர்

பதில்: ஐரோப்பா முதல் நாளே ஆரம்பிச்சுடுச்சு, பிரிட்டன் அஞ்சு தடவ தள்ளிப் போட்டுச்சு. 2024 ஜனவரி கடைசியில சர்டிஃபிகேட், ஏப்ரல் 30-லேர்ந்து நேரடி செக்கிங், அதுக்கு ஃபீஸும் உண்டு. எல்லைய நம்ம கையில எடுப்போம்னு ஓட்டு கேட்டு ஜெயிச்சவங்களுக்கு, தன் எல்லையில ஆள் போடவே மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு.

கேள்வி: திரும்ப சேந்துடுவாங்களா? – கோவை வாசகி

பதில்: இப்போதைக்கு இல்ல. ஒரே சந்தை, சுங்க ஒன்றியம், சுதந்திரமா வந்து வேலை பாக்கற உரிமை, மூணுக்கும் 2024-ல பிரதமரான ஸ்டார்மர் கதவ சாத்தியாச்சு. ஆனா 2025 மே 19 லண்டன் மாநாட்டுல உணவு, செடி, கால்நடை விஷயத்துக்கு தனி உடன்பாடு போடலாம்னு ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்க. அது வந்தா வெட்னரி சர்டிஃபிகேட்ல பெரும்பாலானது தேவைப்படாது, வட அயர்லாந்து துறைமுகத்துல உணவு செக்கிங்கும் பெருமளவு குறையும். அதுக்கு விலை, அந்த விஷயங்கள்ல ஐரோப்பா விதி மாறும்போதெல்லாம் பிரிட்டனும் கூடவே மாத்திக்கணும், விதிய எழுதற இடத்துல ஓட்டு கிடையாது.