ஸ்கேன் நார்மல், எஸ்ஜிபிடி 140: லூபஸ் உள்ள அக்காவுக்குக் கல்லீரல் சரியா?

சரி என்று சொல்லிவிட முடியாது. எஸ்ஜிபிடி என்பது கல்லீரல் செல்கள் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் என்சைம், 140 என்பது அதிகம். லூபஸ் என்பது உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய். அல்ட்ராசவுண்டில் கொழுப்பு, பித்தக்கல், கல்லீரல் பெருத்திருப்பது தெரியும். லூபஸால் வரும் லேசான அழற்சி பெரும்பாலும் தெரியாது.

எனக்கு முதல் சந்தேகம் மருந்து மேல்தான். லூபஸுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட், அசத்தியோப்ரின், அப்புறம் வலி மாத்திரை எல்லாமே கல்லீரலைச் சீண்டும். லேகியம் ஏதாவது சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், ஸ்டீராய்டை அறவே நிறுத்தக் கூடாது.

ஆன்டிபாஸ்போலிப்பிட் (ரத்தத்தை உறையத் தூண்டும் ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கல்லீரல் ரத்தக் குழாய்களில் உறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் 'டாப்ளர்' (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

கல்லீரலின் விறைப்பை எண்ணாகக் காட்டும் ஃபைப்ரோஸ்கேனுக்கு மதுரை போகும்போது குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். காரைக்குடியில் பஸ் ஏறும் முன் நாலு வெள்ளைப் பணியாரம் உள்ளே போனால் அந்த விறைப்பு எண் கூடிவிடும்! எஸ்ஜிபிடி ஏறியிருந்தாலும் கூடும், அதனால் உடனே தழும்பு என்று பயப்படாதீர்கள்.

லூபஸ் அழற்சியா, ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸா (எதிர்ப்பு சக்தி கல்லீரலையே தாக்கும் தனி நோய்) என்று பிரிக்க எந்தப் படமும் போதாது. ரத்தப் பரிசோதனையோடு சில சமயம் பயாப்சியும் (கல்லீரலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) தேவைப்படும். டாக்டர் கான்ட்ராஸ்ட் சிடி (மருந்து ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன்) எழுதினால், அதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்துவிடுங்கள்.