கார்பன் ஃபைபர் தூசி: வாரியல் வேண்டாம், ஈரத்துணி எடுங்கள்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன், கல்லூரி மாணவன். ட்ரோனுக்குச் சட்டகம் (ஃபிரேம்) செய்ய 3 மி.மீ. கார்பன் ஃபைபர் தகடு வாங்கி, வீட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) வைத்து கிரைண்டரால் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன். மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வேன். வேலை முடிந்ததும் அம்மா பெருக்கிவிடுவார்கள். இப்போது முழங்கையெல்லாம் அரிக்கிறது. மச்சு அறை ஜன்னலில் கறுப்பாகப் படிந்திருக்கிறது. வீட்டில் அக்கா மகள் இருக்கிறாள், 3 வயது. இது ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி ஆபத்தா? எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: தம்பி, முதல் காரியமாக அம்மாவைப் பெருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தரையில் படிந்துவிட்ட தூசியால் பெரிய கேடு இல்லை. வாரியல் பட்டதும் அது எழும்பி மூக்கு உயரத்துக்கு வருகிறது. ஃபேன் ஓடினால் வீடு முழுக்கப் போகும். குழந்தையின் மூக்கோ தரைக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

ஆஸ்பெஸ்டாஸ் பயம் நியாயமானதுதான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. ஆஸ்பெஸ்டாஸ் இழை நீளவாக்கில் பிளந்து பிளந்து மெலிந்துகொண்டே போகும். நுரையீரலின் அடி வரை போய்த் தங்குவது அதனால்தான். நீங்கள் வாங்கும் தகட்டில் இருக்கும் கார்பன் இழை பெரும்பாலும் 5 முதல் 7 மைக்ரான் தடிமன் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அது குறுக்கே ஒடியும், பொதுவாக நீளவாக்கில் பிளக்காது. 3 மைக்ரானுக்கும் மெலிந்த இழைதான் நுரையீரலின் ஆழத்துக்கு எளிதில் போகும் என்பதால், இவற்றில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலுமே நின்றுவிடும்.

அதற்காக அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. கிரைண்டரும் உப்புத்தாளும் கிளப்புகிற தூசியில் இழை மட்டும் இல்லை, இழையைப் பிடித்து வைத்திருக்கும் எபாக்ஸி ரெசினும் மாவாகி வருகிறது. அதில் ஆழமாகப் போகிற நுண்தூளும் உண்டு. நீங்களே ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் கலந்து தகடு வார்ப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கையில் ஒட்டவில்லை என்பதால் அது முழுக்க இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. அரைகுறையாக இறுகியதைத் தேய்த்து, அந்தத் தூள் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு ஆயுசுக்கும் எபாக்ஸி பக்கமே போக முடியாமல் ஆகலாம். டப்பாவில் போட்டிருக்கும் இறுகும் காலம் முடிகிற வரை உப்புத்தாளைத் தொடாதீர்கள்.

இனி வேலை செய்யும் விதம். முகமூடியைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் தண்ணீரைத்தான் முதலில் சொல்வேன். ஈரத்தில் பிறக்கிற தூசி பறக்காது. கிரைண்டரை விட்டுவிட்டு, அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஆக்ஸா பிளேடால், தகட்டை நனைத்து நனைத்து அறுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் விளிம்பு பிய்யாமல் வரும். தேய்ப்பதற்கு, பெயிண்டர்கள் வாங்கும் வாட்டர் பேப்பர் போதும். அகலமான தட்டில் தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு சேர்த்து, தகட்டை அதில் முக்கியே தேயுங்கள். தண்ணீர் மை போலக் கறுக்கும். காற்றில் போயிருக்க வேண்டியது அத்தனையும் அதில்தான் கிடக்கிறது. மின்சார கிரைண்டரிலேயே தண்ணீர் தெளித்து அறுக்கலாமே என்று மட்டும் யோசிக்காதீர்கள். ஷாக் அடிக்கும். கார்பன் தானே மின்சாரம் கடத்துகிற பொருள். அதே காரணத்தால் லேப்டாப், இன்வெர்ட்டர், திறந்து வைத்த ட்ரோன் போர்டு எதுவும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

தட்டட்டியும் சரியான இடமில்லை. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று உங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திறந்த வெளி என்று நீங்கள் நினைப்பீர்கள், அடுத்த வீட்டில் காயப்போட்ட வத்தலில் போய் உட்காரும். புறவாசலில் சுவர் மறைப்பில், தரையை நனைத்துவிட்டு உட்காருங்கள்.

துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. என்95 முகமூடி போடுங்கள், இரண்டு பட்டையும் தலைக்குப் பின்னால் போக வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். ரெசின் கலக்கும்போது வருகிற ஆவியை என்95 தடுக்காது, அதற்கு ஆவியைப் பிடிக்கும் தனி கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது படிந்திருப்பதை எடுப்போம். ஃபேனை நிறுத்துங்கள், குழந்தையை வேறு அறைக்கு அனுப்புங்கள், நீங்கள் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். ஈரத்துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியை உள்பக்கமாக மடித்து, அடுத்த இழுப்பு. முன்னும் பின்னும் தேய்க்க வேண்டாம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மிச்சம் இருந்தால் ஊசி ஊசியாக மின்னும். மின்னாத வரை துடையுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனரைக் கொண்டுவராதீர்கள். நுண்தூளைப் பிடித்து வைக்கும் ஹெப்பா வடிகட்டி இல்லாதது அதைப் பின்பக்கம் வழியாக அறைக்கே திருப்பித் தரும், அதன் மோட்டாரும் போய்விடும்.

கறுத்த தண்ணீரைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். அந்த வாய்க்கால் தாமிரபரணித் தண்ணீர். வாளியில் ஓர் இரவு அசையாமல் வைத்தால் பெரும்பாலானது அடியில் தங்கும். மேல் தண்ணீரைப் பழந்துணியில் வடிகட்டி, ஆள் புழங்காத மண் தரையில் விட்டு, கசடை ஈரத்தோடே துணியையும் சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள். எரிப்பது கூடவே கூடாது. தீயில் ரெசின் போய், இழை மெலிந்து, ஆழமாகப் போகிற அளவுக்கு வந்துவிடும். அதுவரை இல்லாத ஆபத்தை நாமே உண்டாக்கியது போலாகும்.

முழங்கை அரிப்புக்குச் சொரியாதீர்கள், இழை இன்னும் உள்ளே ஏறும். செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தெடுங்கள். அப்புறம் பச்சைத் தண்ணீரை ஓடவிட்டுச் சோப்புப் போடுங்கள். வேலைத் துணியை உதறாமல் தனியாக நனைத்துத் துவையுங்கள். கண்ணில் விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரை ஓடவிட்டுக் கழுவி, உறுத்தல் நிற்காவிட்டால் அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இதுவரை அறுத்ததை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் இருமல், இழுப்பு, தோல் தடிப்பு இவற்றில் எது தொடர்ந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலோ வேறு எங்கோ காட்டுங்கள். போகும்போது ரெசின், ஹார்டனர் டப்பாக்களின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வெறுமனே 'தூசி' என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது.