1767ஆம் ஆண்டு வயலின் படம்: சான்றிதழை நம்பி வாங்கலாமா?

கேள்வி: நான் வயலின் ஆசிரியை. திதெரோவும் தாலம்பேரும் தொகுத்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் வயலின் வகைகளைக் காட்டும் படத்தாள் ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. பாரிஸில் இருக்கும் என் மகன் மூலம் வாங்க நினைக்கிறேன். ‘அசல் 1767, கையால் வண்ணம் தீட்டியது, சான்றிதழ் உண்டு’ என்கிறார் வியாபாரி. விலை 190 யூரோ. படத்தைச் சுற்றி இருக்க வேண்டிய தகட்டுப் பள்ளம் இதில் இல்லை. போலியா?

பதில்: பள்ளம் இல்லை என்பதற்காக மட்டும் போலி என்று தள்ள வேண்டாம். எனக்கு உறுத்துவது அந்த வண்ணமும் சான்றிதழும்தான்.

அந்தப் படங்கள் செப்புத் தகட்டில் செதுக்கி, ஈரத்தாளில் வைத்து அழுத்தி அச்சிட்டவை. தகட்டின் விளிம்பு தாளில் பதிந்து ஒரு சட்டம் போலப் பள்ளமாகும். ஆனால் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்து விற்பவர், கடையில் இருக்கும் சட்டத்துக்குள் அடங்கட்டும் என்று ஓரத்தை நறுக்கிவிடுவார். பள்ளமும் அதோடு போய்விடும். பழைய தாளை ஈரமாக்கிக் கனமான அழுத்தத்தில் தட்டையாக்கினாலும் பள்ளம் மங்கும். இதற்கு நேர்மாறாக, போலித் தாளில் வெறும் தகட்டை வைத்து அழுத்திப் பள்ளத்தை உண்டாக்கவும் முடியும். ஆக, பள்ளம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஓரம் வெட்டிய தாள் அசலாகவே இருந்தாலும் விலை குறைய வேண்டும், அவ்வளவுதான்.

வண்ணத்துக்கு வருவோம். பாரிஸ் பதிப்பில் இந்தப் படங்கள் கறுப்பு மையில்தான் அச்சாகின. வயலினுக்குப் பழுப்பும் சிவப்பும் ஏறியது பின்னாளில், விற்பனைக்காக. அதற்கு நீங்கள் ஏன் கூடுதல் பணம் தர வேண்டும்?

சான்றிதழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விற்பவரே அச்சடித்து, விற்பவரே கையெழுத்துப் போடும் தாள் அது. ஏல நிறுவனங்கள் மட்டும் ஒழுங்கா? ‘உள்ளது உள்ளபடி’ என்று நிபந்தனையில் ஒரு வரி போட்டுவிட்டு, ஏலம் எடுத்தவரிடம் தனியாகக் கட்டணமும் வாங்குகின்றன. ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

கீழ் ஓரத்தில் வரைந்தவர், செதுக்கியவர் பெயர்கள் இருப்பதைக் காட்டியும் மயக்குவார்கள். நகலெடுத்தால் பெயரும் சேர்ந்துதான் வரும்.

மகனை மூன்று புகைப்படங்கள் கேட்கச் சொல்லுங்கள். முதலாவது, பத்து மடங்கு உருப்பெருக்கியில் ஒரு கோடு. செதுக்கிய கோடு திடமான கறுப்பாக இருக்கும். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது புகைப்பட நகல், பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். இரண்டாவது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த தாள். அந்தக் காலத்துக் கையால் செய்த தாளில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் கோடுகள் ஓடும். மூன்றாவது, அளவுகோலை வைத்து எடுத்த முழுத் தாள். பாரிஸ் பதிப்பின் பக்கம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயரம்.

அளவு ஏன் முக்கியம் என்றால், பாரிஸில் 1762 முதல் 1772 வரை 11 படத்தொகுதிகள் வந்தன. இசைக்கருவிப் பகுதி 1767இல் வெளியானது. கலைக்களஞ்சியம் நன்றாக விற்றதால் இத்தாலியின் லுக்காவிலும் லிவோர்னோவிலும் படங்களை மறுபடி செதுக்கி அச்சிட்டார்கள். பாரிஸ் பதிப்பாளர் பான்கூக் 1782 முதல் வெளியிட்ட இன்னொரு கலைக்களஞ்சியத்துக்கும் இதே படங்கள் சிறிய அளவில் போயின. இவையும் பதினெட்டாம் நூற்றாண்டுத் தாள்கள்தான், ஆனால் ‘1767 பாரிஸ்’ அல்ல. அந்தப் பெயரையும் விலையையும் இவற்றுக்கும் போட்டு விற்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தில்லுமுல்லு. லுக்கா, லிவோர்னோ பதிப்புகளும் பெரிய அளவுதான் என்பதால், பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் பாரிஸ் படத்தை இலவசமாக இறக்கிக்கொண்டு, கோடுகளையும் ஓரப் பெயர்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

படம் எடுத்து அனுப்ப வியாபாரி தயங்கினால் விட்டுவிடுங்கள். இந்தக் கலைக்களஞ்சியம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் அச்சானது. இதே தாள் மறுபடி விற்பனைக்கு வரும். வாங்கிவிட்டால், சட்டம் போடுபவர் அதை அட்டையில் பசை தடவி ஒட்டிவிடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.