நாலு கதவுக்கும் மோட்டர் மாற்ற வேண்டுமா?

செங்கலடி, நெல் வியாபாரி: எனது டபிள் கேப்பில் சாரதி பக்கக் கதவிலுள்ள லொக் சுவிட்சை அமத்தினால் ஒரு கதவும் பூட்டுவதில்லை. ரிமோட்டில் நாலும் பூட்டுகிறது. கராஜில் நாலு மோட்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

மாற்றாதீர்கள். ரிமோட்டுக்கு நாலு கதவும் பூட்டினால் மோட்டர்கள் நல்லாக இருக்கின்றன, பியூசும் நல்லாக இருக்கிறது. இதைச் சொல்லாத கராஜ்காரருக்கு ஒன்றில் தொழில் தெரியாது, இல்லாவிட்டால் விற்பதற்கு மோட்டர் இருக்கிறது.

இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் அந்தச் சுவிட்ச் மோட்டருக்கு நேரே கரண்ட் கொடுப்பதில்லை. உள்ளேயிருக்கும் கன்ட்ரோல் யூனிட்டுக்குப் ‘பூட்டு’ என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. ரிமோட்டும் அந்த யூனிட்டுக்குத்தான் சொல்கிறது. ஆகவே பிழை பெரும்பாலும் சுவிட்சிலோ, அதிலிருந்து யூனிட்டுக்குப் போகும் வயரிலோ இருக்கும். முதலில் காசில்லாத சோதனை. கதவைத் திறந்து, கதவுக்கும் வண்டியின் பொடிக்கும் நடுவே போகிற கறுப்பு ரப்பர் குழாயை ஒரு கையால் அசைத்தபடி மறு கையால் சுவிட்சை அமத்துங்கள். ஏதாவது ஒரு வளைவில் ‘டக்’ என்று பூட்டினால் குழாய்க்குள் வயர் முறிந்திருக்கிறது. சாரதியின் கதவுதான் அதிகம் திறந்து மூடப்படுவது, வயர் முறிவதும் அங்கேதான். லொக் சுவிட்ச் இருக்கும் அதே பலகையிலுள்ள, கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சுகளும் இடைக்கிடை மக்கர் பண்ணினால் சந்தேகமே வேண்டாம். முறிந்த இடத்தில் புதுத் துண்டு வயர் சேர்த்து ஈயம் வைக்கச் சொல்லுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள், அடுத்த மாரிக்குத் திரும்ப வருவீர்கள்.

வயர் சரியென்றால் பற்றறி வயரைக் கழற்றிவிட்டுச் சுவிட்ச் பலகையை எடுத்துக் கனெக்டரைப் பாருங்கள். கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் பின்கள் பச்சை பூத்திருக்கும். கொண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டாலே சில சுவிட்சுகள் எழும்பிவிடும். அப்படியும் இல்லையென்றால் மல்டிமீற்றரைச் சத்தம் போடும் நிலையில் வைத்து, லொக்குக்குரிய பின்களில் பிடித்துக்கொண்டு அமத்திப் பாருங்கள். அமத்தும்போது சத்தம் வரவேண்டும், விட்டால் நிற்கவேண்டும். எது அந்தப் பின் என்பது வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், வயரிங் படம் பார்க்கத் தெரிந்த ஓட்டோ எலக்ட்ரீசியன் வேண்டும். இத்தனைக்கும் பிறகு சத்தம் வராவிட்டால்தான் புதுச் சுவிட்ச்.

காத்தான்குடி: பின் கதவு வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளேயிருந்து திறக்கவில்லை. லொக் சுவிட்ச் என்ன விலை வரும்?

ஒரு சதமும் வராது. கதவின் ஓரத்தில் லொக்குக்குப் பக்கத்திலுள்ள சின்ன நெம்பைத் தட்டிவிடுங்கள். பிள்ளைகள் திறக்காதிருக்க வைத்த பூட்டு அது.

கல்முனை: ஒன்லைனில் சீனாவிலிருந்து சாரதி கதவுக்குரிய மாஸ்டர் சுவிட்ச் எடுப்பித்தேன். படத்தில் அச்சொட்டாக என்னுடையதுதான். வந்தது கதவில் பொருந்தவில்லை. கடை பதிலே போடுவதில்லை.

நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், சீனாவில் இடப்பக்கம். அங்கே ஓடுகிற வண்டியின் சுவிட்ச் நம்முடையதற்குக் கண்ணாடி விம்பம். படம் பார்த்து வாங்காதீர்கள் என்று எத்தனை தரம்தான் எழுதுவது? பழைய சுவிட்சைக் கழற்றிப் பின்புறத்தில் உள்ள பாட் நம்பரை எழுதுங்கள், பின்களை எண்ணுங்கள், விற்பவரிடம் பின்பக்கப் படம் கேளுங்கள். அனுப்பாவிட்டால் வாங்காதீர்கள். என் மேசை லாச்சியிலும் இப்படி ஒரு இடப்பக்கச் சுவிட்ச் கிடக்கிறது, காகிதம் பறக்காமல் வைக்க நல்லது.

அக்கரைப்பற்று, ஆசிரியை: கணவர் வெளிநாட்டில். கடைக்காரர் ‘ஒரிஜினல் ஜப்பான், தங்கச்சி’ என்று சொல்லி 16,500 ரூபாய்க்குச் சுவிட்ச் தந்தார். எட்டாம் நாள் செத்துவிட்டது. கழற்றிய எலக்ட்ரீசியன் கிளிப்பில் பழைய ஸ்குரூடிரைவர் தடத்தைக் காட்டினார். கடையில் கேட்டால் பில் துண்டில் சீல் அடித்திருப்பதைக் காட்டுகிறார்கள்: ‘மின் சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது’. துண்டில் வேறு எழுதியிருப்பது ‘பாட்ஸ் 16,500’ மட்டும்.

அந்தத் தடம் ஒன்றே போதும். வேறொரு வண்டியிலிருந்து கிளப்பிய சுவிட்சைப் புதிதென்று உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். உங்களில் ஒரு பிழையும் இல்லை.

இந்தத் துண்டுக் காகிதத்தைப் பற்றி நான் எழுதாத மாதம் குறைவு, இன்றும் எழுதத்தான் போகிறேன். ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு நம் கடைத்தெருவில் குறைந்தது நாலு பொருள்: கொம்பனிப் பெட்டியில் வருவது, அதே ஆலை வேறு பெட்டியில் விற்பது, பார்வைக்கு அதே மாதிரியான கொப்பி, ஜப்பான் வண்டியிலிருந்து கழற்றிக் கழுவியது. நாலாவதும் கெட்ட சாமானில்லை. பாவித்தது என்று சொல்லிப் பாவித்ததன் விலைக்கு விற்றால் நானே வாங்குவேன். ‘பஞ்சிகாவத்தையிலிருந்து எடுத்தது’ என்பதும் ஒரு தராதரமில்லை, கொழும்பின் அந்த வாகனப் பாட்ஸ் கடைத்தெருவில் இந்த நாலும் கிடைக்கும். ஆகவே பில்லில் சாமானின் பெயர், பாட் நம்பர், புதிதா பாவித்ததா, உத்தரவாதம் எத்தனை நாள், திகதி எல்லாம் எழுதுவிக்க வேண்டும். ‘பில் போட்டால் விலை கூடும்’ என்றால் அடுத்த கடைக்கு நடையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதும் அந்தச் சட்டத்தில் குற்றம். அந்தச் சீல் சட்டமல்ல, கடைக்காரர் காசு கொடுத்துச் செய்வித்த ரப்பர்.

துண்டை, கிளிப்பின் தடத்தை, சுவிட்சின் பின்புறத்தைக் கிட்டவைத்துப் படமெடுங்கள். காசு வங்கி வழியாகப் போயிருந்தால் அந்தப் பதிவை எடுங்கள். எலக்ட்ரீசியனிடம் ரெண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு கடிதத்தைக் கடையில் கொடுத்துப் பிரதியில் ஒப்பம் கேளுங்கள். இறங்கி வராவிட்டால் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி 3 மாதத்துக்குள் முறையிட வேண்டும், அதை மட்டும் தவறவிடாதீர்கள். தொலைபேசி 1977.

ஏறாவூர்: சுவிட்சைத் தட்டினால் வேலை செய்கிறது. தட்டியே ஓட்டலாமா?

ஓட்டலாம். உள்ளே பூட்டுப்பட்டு நிற்கும் நாளில் எனக்கு எழுதாதீர்கள்.

நிந்தவூர்: பழைய வண்டிக்கு மலிவு சென்டர் லொக் செட் போட்டேன். சாரதி கதவைச் சாவியால் பூட்டினால் மற்றக் கதவுகளும் பூட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கதவின் மோட்டரை மாற்றிய பிறகு அது தனியே பூட்டுகிறது. முழுச் செட்டும் வாங்க வேண்டுமா?

வேண்டாம் தம்பி. அந்தச் செட்களில் வழக்கமாகச் சாரதி கதவின் மோட்டருக்கு 5 வயர், மற்றவற்றுக்கு 2. மிச்சம் மூன்று வயரும் ‘நான் பூட்டிவிட்டேன்’ என்று மற்றக் கதவுகளுக்குத் தெரிவிக்கத்தான். உங்களுக்கு 2 வயர் மோட்டரைப் போட்டிருக்கிறார்கள். மூன்று வயர் சும்மா தொங்குகிறதா என்று கதவுப் பலகையைக் கழற்றிப் பாருங்கள். தொங்கினால், 5 வயர் மோட்டர் ஒன்று மட்டும் வாங்குங்கள். பில்லோடு.