வாடகைக்கு வீடு: எந்த ஊர், எந்தப் பக்கம்? ஆச்சி பதில்கள்

கேள்வி: ஆச்சி, கோயம்புத்தூரிலிருந்து காரைக்குடிக்கு மாற்றலாகி வருகிறேன். வேலை கல்லூரிச் சாலையில், காலை ஒன்பதரைக்குள் போய்விட வேண்டும். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திருச்சி வழியாக வந்துபோவார். மாமியாரும் ஏழாவது படிக்கும் பையனும் என்னோடு இருப்பார்கள். தேவகோட்டையில் தெரிந்தவர் வீடு குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது. கானாடுகாத்தானிலும் ஒன்று இருக்கிறது. காரைக்குடியில் கேட்டால் வாடகை கூடுதலாகச் சொல்கிறார்கள். எங்கே எடுக்கட்டும்?

பதில்: அம்மா, முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் வருஷத்துக்கு நாலு தடவை வருகிறார், போய்வர எட்டுப் பயணம். நீங்கள் வேலைக்கு மாதம் இருபத்துச் சொச்சம் நாள் போகவேண்டும், வரவேண்டும், பையன் பள்ளிக்கூடம் வேறு. அதனால் வீட்டை உங்கள் வேலைக்குப் பக்கத்தில் பாருங்கள். விமான நிலையத்துக்கு ஒன்றே ஒன்றை மட்டும் கவனித்தால் போதும், வீடு ஊருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது.

ஏன் சொல்கிறேன் என்றால், திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது. நாம் திருமயம், புதுக்கோட்டை வழியாகப் போகும்போது திருச்சி ஊருக்குள் நுழைவதற்கு முன்னாலேயே வந்துவிடும். மதுரை அப்படியில்லை, விமான நிலையம் மதுரைக்குத் தெற்கே அவனியாபுரம் பக்கம் இருப்பதால் மேலூர் வழியாகப் போய் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் சேர வேண்டும். காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மதுரை கிட்டத்தட்ட நூறு. பத்துக் கிலோமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றும், ஆனால் பெட்டியும் பெரியவர்களுமாகப் போகும்போது அந்தச் சுற்று ரொம்பவே தெரியும்.

இப்போது தேவகோட்டை. அருமையான ஊர், என் சின்னம்மா வீடே அங்கேதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கு அது எதிர்ப்பக்கம். தினமும் பதினெட்டுக் கிலோமீட்டர் வந்து, அதே தூரம் திரும்ப வேண்டும், திருச்சிக்குப் போவதென்றாலும் காரைக்குடியைத் தாண்டித்தான் போகவேண்டும். ரயிலை நம்பலாம் என்றால் தேவகோட்டை ரோடு ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே இல்லை. வாடகையில் மிச்சம் பிடிப்பது பஸ்ஸுக்கும் பெட்ரோலுக்கும் போய்விடும், நேரம் போவது தனி.

நான் சொல்வது கோட்டையூர், இல்லையென்றால் காரைக்குடியிலேயே கல்லூரிச் சாலையை ஒட்டிய தெருக்கள். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அவர். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்த ஆய்வகமும் அவர் வைத்த கல்லூரிகளும் அடுத்தடுத்து அமைந்ததால்தான் இன்றைக்குப் பள்ளிக்கூடம், கல்லூரி, ஆய்வகம் எல்லாம் உங்களுக்கு ஒரே வட்டாரத்தில் கிடைக்கின்றன. கோட்டையூரிலிருந்து வேலைக்கு அஞ்சாறு கிலோமீட்டர், ஸ்கூட்டியில் போய்விடலாம், பையனையும் போகிற வழியில் இறக்கிவிடலாம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்று வண்டியை எடுத்து வேலை இடம் வரைக்கும் ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு பார்த்துவிட்டு "பத்து நிமிஷம்தான்" என்று சொல்லுகிற தரகரை நம்பாதீர்கள். அப்புறம் தண்ணீர். காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்துப் பழக்கம், அந்த ருசி எல்லா வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலும் வந்துவிடாது. குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டே பேசுங்கள்.

கேள்வி: ஆச்சி, கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் இரண்டாம் கட்டு, அதாவது உள்பகுதியை மட்டும் வாடகைக்குத் தருகிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தேக்குத் தூண், பார்த்ததும் மனசு விழுந்துவிட்டது. எடுக்கலாமா?

பதில்: மனசு விழத்தான் செய்யும் தம்பி, நான் பிறந்ததும் அப்படியொரு வீட்டில்தான். முதலில் கேட்க வேண்டியது, அந்த வீட்டில் எத்தனை புள்ளி, அதாவது எத்தனை குடும்பத்துக்குப் பங்கு? ஒரே வீட்டில் பத்துப் பதினைந்து பங்காளிகளுக்குப் பாத்தியதை இருக்கும். உங்களிடம் சாவி கொடுப்பவர் ஒருவர். மற்றவர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள், அவர்கள் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதைக் கேட்காமல் குடிபோய், ஆறாவது மாதம் இன்னொரு பங்காளி வந்து நின்று, பண்ட பாத்திரத்தை எல்லாம் முகப்பில் எடுத்து வைத்துக்கொண்டு வேறு வீடு தேடினார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கிற படைப்பு என்றால் எல்லாரும் வந்து கூடுவார்கள், வளவு என்கிற உள்முற்றம் முழுக்கப் பந்தி நடக்கும். அந்த நாட்களில் நீங்கள் எப்படிப் போக வர வேண்டும், எந்தக் குளியலறை உங்களுக்கு என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஒப்பந்தம் கட்டாயம் எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி இருவரும் ஒத்துக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

ஒரு நல்ல விஷயமும் உண்டு, கானாடுகாத்தான் திருச்சி போகிற பக்கத்திலேயே இருக்கிறது. செட்டிநாடு ரயில் நிலையமும் அங்கேதான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர், அடிக்கடி வெளியூர் போகிறவர் என்றால் தாராளமாக எடுங்கள். தினமும் காரைக்குடிக்கு வேலைக்குப் போகிறவர் என்றால் சாயங்காலம் கடைசி பஸ் எப்போது என்று கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: செட்டிநாட்டிலேயே விமான நிலையம் வரப்போகிறது, இப்போதே பக்கத்தில் வீடு பிடித்துவிடு என்கிறார்களே?

பதில்: செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணைப் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் கிடக்கிறது, அது உண்மை. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நம் ஊர்க்காரர்கள் பல வருஷமாகக் கேட்டுவருகிறார்கள், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் விமானம் இறங்குகிற அன்றைக்கு வாடகையைக் கூட்டிக் கேட்கட்டும். இன்றைக்கு இருக்கிற பஸ்ஸுக்கும் ரோட்டுக்கும் உள்ள வாடகையை மட்டும் கொடுங்கள்.

கேள்வி: ராத்திரி விமானத்துக்குக் கார் சொல்லலாமா, பஸ் போதுமா?

பதில்: பகல் என்றால் திருச்சி பஸ்ஸே போதும். ஏறும்போதே ஏர்போர்ட் வழியாகப் போகுமா, நிறுத்துவார்களா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரிக்குக் கார்தான் சரி. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும், வழிக்கு இரண்டு மணி நேரம், ஆக அஞ்சு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். ஒரு தடவை நாங்கள் சொல்லி வைத்த டிரைவர் வரவே இல்லை, போனையும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, கட்டியிருந்த கைலியோடு வண்டியை எடுத்து எங்களைக் கொண்டுபோய் விட்டான். அதிலிருந்து நான் எப்போதும் இரண்டு டிரைவர் நம்பர் வைத்திருக்கிறேன், சாயங்காலம் ஆறு மணிக்கே ஒரு தடவை பேசி உறுதி செய்துவிடுவேன். கார் உங்கள் வீட்டு வாசல் வரை வருமா என்பதையும் வீடு பார்க்கிற அன்றைக்கே பார்த்துவிடுங்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மாமியார் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடக்கக் கூடாது.